யாரும் ஓடுவதில்லை, மேடம்

ஆகஸ்ட் 4

அன்புள்ள சித்திக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்ற தைரியத்தில் பேனாவைத் திறக்கிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேருந்து நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கம்மா எழுதினா எல்லாம் நல்லாயிருக்குன்னுதான் எழுதுவா. நீ உள்ளதை எழுது" என்றீர்கள். அதை நான் பதவிப் பிரமாணமாக எடுத்துக்கொண்டுவிட்டேன்.

முதலில் உங்கள் மகள் குட்டி. நீங்கள் போன அன்று சரியாக ஒரு மணி நேரம் அழுதாள். கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். பிறகு சோறு கேட்டாள். இரண்டாம் நாள் அரை மணி. மூன்றாம் நாள் அழ ஆரம்பித்து, எதற்கு அழுகிறோம் என்பதை மறந்துபோய், என்னிடமே கேட்டாள். இப்போது எனக்கும் சுவருக்கும் நடுவில் படுத்துக்கொள்கிறாள். உதைக்கிறாள். அவள் காலில் இருக்கும் பலத்தைப் பார்த்தால் உடம்புக்கு ஒன்றுமில்லை என்பது உறுதி.

மாடிப்படிகளை எண்ணக் கற்றுக்கொண்டாள். பதினான்கு படி. அவள் கணக்கில் பதினைந்து, ஏனென்றால் ஒன்பது என்ற எண் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அம்மாவுக்குப் பள்ளிச் சீருடை தைக்கும் வேலை தலைக்குமேல். அப்பாவுக்குப் பணிமனையில் பேருந்துகளின் வயிற்றுக்குள்ளேயே பொழுது போகிறது. வீட்டில் போன் இல்லாதது நல்லதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தெருமுனை மருந்துக்கடையில் நின்று பேசினால், இருமல் மருந்து வாங்க வந்தவர் எல்லாம் நம் கதையைக் கேட்டுவிட்டுப் போவார்.

உங்கள் வேலையைப் பற்றி எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்


ஆகஸ்ட் 23

அன்புக் கண்ணு புத்தகப்புழுவுக்கு,

சித்தி எழுதுவது. சுகமே. முதுகு மட்டும் சில நேரம் முணுமுணுக்கும். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

எங்கள் சலவைக்கூடம் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கிறது. மேல்மாடிகளிலிருந்து அழுக்குத் துணி ஒரு பெரிய குழாய் வழியாகத் தொப்பென்று வந்து விழும். ரத்தம் பட்டதைத் தனியாக எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போட வேண்டும். வெந்நீர் பட்டால் கறை குடியேறிவிடும். பிறகு மெஷின், டிரையர், கடைசியில் கட்டில் நீளத்துக்கு ஒரு உருளை இஸ்திரி. அதற்குள் போர்வையை விட்டால் அந்தப் பக்கம் அப்பளம் போல வரும். வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. அசிங்கமாக வந்தது வெள்ளையாகப் போவதைப் பார்ப்பதில் ஒரு சுகம்.

உள்ளதை எழுது என்று உன்னிடம் சொல்லிவிட்டு நான் மறைக்கலாமா? போன வாரம் மானம் போயிற்று. நாலாவது வார்டுக்குப் போர்வை போகவில்லை. தலைமை நர்ஸ் போன் செய்தார். மேலே இருப்பவர்கள் எல்லோரும் இங்கிலீஷில்தான் பேசுவார்கள், அதனால் எங்கள் கூடத்தில் போன் அடித்தால் ஆளாளுக்கு விலகிப் போவார்கள். நான் எடுத்தேன். "ஹூ ரன்ஸ் த லாண்ட்ரி இன் த ஆஃப்டர்நூன்?" என்றார். ரன் என்றால் ஓடுவது. மத்தியானம் சலவைக்கூடத்தில் யார் ஓடுகிறார்கள் என்று கேட்கிறார், யாராவது ஓடி விழுந்துவிட்டார்கள் போல என்று நினைத்து, நன்றாகவே பதில் சொன்னேன்.

"நோபடி ரன்ஸ், மேடம். ஃப்ளோர் இஸ் வெட். எவ்ரிபடி வாக்ஸ்."

 தலைமை நர்ஸ் சிரித்துவிட்டார். மாலைக்குள் எட்டு மாடிக்கும் செய்தி போய்விட்டது. இப்போது எனக்குப் பெயர் "ஈரத்தரை". மத்தியானம் கூடத்தை நடத்துவது யார் என்றுதான் கேட்டாராம்.

சிரித்துவிட்டாயா? இனி சிரிக்காமல் கேள். எங்கள் சூப்பர்வைசர் மார்ச் மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு உள்ளே இருப்பவர்களிலிருந்து எடுப்பார்கள். நேர்முகம் இங்கிலீஷில். தேறினால் பின்புறம் இரண்டு அறை வீடு தருவார்கள். இப்போது இருக்கும் விடுதியில் பிள்ளைகளுக்கு இடமில்லை. அந்த வீட்டில் குட்டி இருக்கலாம். அவளைப் பள்ளியில் சேர்க்க வேண்டிய வருஷம். உன் சித்தப்பா இருந்திருந்தால் வேறு யோசனை சொல்லியிருப்பார். எனக்கு இது ஒன்றுதான் தெரிகிறது.

இந்த ரன் என்ற சொல்லை எனக்கு அடக்கிக் கொடு. மற்றதைப் பிறகு பார்ப்போம்.

அக்காவுக்கும் மாமாவுக்கும் என் விசாரிப்பு. குட்டிக்கு முத்தம், அந்த உதைக்கும் காலிலேயே.

உன் சித்தி


செப்டம்பர் 2

அன்புள்ள சித்திக்கு,

நாங்கள் நலம். உங்கள் முதுகு இனியாவது வாயை மூடிக்கொள்ளட்டும்.

சிரித்தேன். மறைக்கவில்லை. அம்மாவும் சிரித்தார், பிறகு தைக்கிற துணியைக் கீழே வைத்துவிட்டு, "அவ சொன்னதுல என்ன தப்பு? ஈரத் தரையில ஓடலாமா?" என்று உங்களுக்காகச் சண்டைக்கு வந்தார்.

பள்ளி நூலகத்தில் பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். மற்ற சொற்கள் எல்லாம் இரண்டு வரியில் அடங்கிக் கிடக்கின்றன. ரன் மட்டும் நாலு பத்திகளில் நீட்டிப் படுத்திருக்கிறது. இவ்வளவு வேலை பார்க்கிற சொல்லை நான் பார்த்ததில்லை. வீட்டில் அம்மாவைப் போல.

உங்கள் தவறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். நாம் கடையை நடத்துகிறோம், கூட்டத்தை நடத்துகிறோம், குடும்பத்தை நடத்துகிறோம். எல்லாவற்றையும் நடக்க வைக்கிறோம். இங்கிலீஷ்காரர் அதையெல்லாம் ஓட வைக்கிறார். "அவங்களுக்கு எப்பவும் அவசரந்தான்" என்றார் அப்பா. ஆகவே நாம் எங்கெல்லாம் நடத்துகிறோமோ அங்கெல்லாம் நீங்கள் ரன் போடுங்கள். "ஐ ரன் த லாண்ட்ரி." "மை சிஸ்டர் ரன்ஸ் த ஹவுஸ்."

மீதிப் பாதி நமக்கு முன்பே தெரிந்ததுதான், பயப்பட வேண்டாம். மெஷின் ஓடுகிறது, "த மெஷின் இஸ் ரன்னிங்." பேருந்து ஓடுகிறது, "த பஸ் ரன்ஸ் டில் நைன்." மூக்கு ஒழுகுவதற்கும் ரன்தான். "மை நோஸ் இஸ் ரன்னிங்" என்று நான் சத்தமாகப் படித்ததும், சளி பிடித்திருந்த குட்டி தன் மூக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இரவு வரை விடவில்லை. எங்கேயும் போய்விடக் கூடாதாம்.

இன்னொன்று. யாரையாவது எதிர்பாராமல் வழியில் பார்த்தால் "ரன் இன்டு" என்று சொல்ல வேண்டும். "ஐ ரன் இன்டு மை டீச்சர்" என்றால் டீச்சர்மேல் மோதிவிட்டேன் என்று இல்லை, பார்த்தேன், அவ்வளவுதான். நேற்றையது என்றால் ரன் என்பது ரேன் ஆகிவிடும்.

குட்டி ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறாள். கதவில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

உங்கள் அக்கா மகள்


செப்டம்பர் 26

அன்புக் கண்ணுவுக்கு,

நான் நலம். நீ அனுப்பிய வாக்கியங்களை என் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன். ஏப்ரன் எடுக்கத் திறக்கும்போது ஒன்று, வைக்கத் திறக்கும்போது ஒன்று. கூட வேலை செய்பவள், குண்டூசி என்று எல்லோரும் கூப்பிடுவோம், "பாடப் புத்தகம் துவைக்க வந்திருக்கு" என்று கேலி செய்தாள். இரண்டு நாள் கழித்து அவளும் எட்டிப் பார்க்கிறாள்.

நேற்றுத் துணிவண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே போனேன். லிஃப்ட் வாசலில் பெரிய டாக்டர் நின்றிருந்தார். "குட் மார்னிங்" என்றார், நானும் சொன்னேன். நாலாவது வார்டுக்குப் போனதும் சின்ன நர்ஸிடம் பெருமையாக, "ஐ ரேன் இன்டு த பிக் டாக்டர். வித் மை டிராலி. நியர் த லிஃப்ட்" என்றேன்.

அந்தப் பெண் பேண்டேஜும் கையுமாக லிஃப்டை நோக்கிப் பறந்துவிட்டாள். பின்னாலேயே இன்னொருத்தி சக்கர நாற்காலியோடு. டாக்டர் தன் இரண்டு காலிலும் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தாராம்.

வண்டியைச் சொல்லியிருக்கக் கூடாது என்று இப்போது தெரிகிறது. ஆனால் கண்ணு, நான் சொன்னது ஒரு இங்கிலீஷ் வாக்கியம். அதை நம்பி இரண்டு பேர் ஓடினார்கள். எனக்கு அன்று முழுக்க உள்ளுக்குள் குளிர்ந்து கிடந்தது.

குட்டி வளர்ந்ததை எழுதினாய், மூக்கை எழுதினாய். என்னைக் கேட்கிறாளா என்று நீ ஒரு கடிதத்திலும் எழுதவில்லையே.

உன் சித்தி


அக்டோபர் 11

அன்புள்ள சித்திக்கு,

எல்லோரும் நலம். டாக்டர் கதையை அப்பா பணிமனையில் சொல்ல, அங்கே ஒரு பேருந்தையே கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்துச் சிரித்தார்களாம்.

இந்த முறை மூன்று சொல்கிறேன். தீர்ந்துபோனால் "ரன் அவுட்". "வீ ரேன் அவுட் ஆஃப் சோப்." நேரமாகிவிட்டால் "ரன் லேட்". "த டிராலி இஸ் ரன்னிங் லேட்." ஆள் ஓடிப்போய்விட்டால் "ரன் அவே". இதை நீங்கள் நேர்முகத்தில் பயன்படுத்த வேண்டிவராது என்று நினைக்கிறேன்.

எங்கள் இங்கிலீஷ் டீச்சரிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. ஒரு பெரிய பெண்மணி என்று மட்டும் சொன்னேன். ரன் என்ற ஒரு சொல்லையே சுற்றிச் சுற்றி வருவது சரியா என்று கேட்டேன். ஒரு சொல் நன்றாக உட்கார்ந்துவிட்டால் அது மற்றதையும் பக்கத்தில் உட்கார வைக்கும் என்றார்.

குட்டி புதுச் செருப்பு போட்டுக்கொண்டு தூங்கினாள். ஒன்பதை இப்போது சேர்த்துக்கொண்டாள், ஆனால் பதினொன்றை விட்டுவிட்டாள். ஒரு வீடு வரைந்தாள், அதற்கு ஆறு கதவு, ஜன்னலே இல்லை.

தாளில் இடமில்லாததால் இத்துடன் முடிக்கிறேன்.

உங்கள் அக்கா மகள்


அக்டோபர் 24

கண்ணு,

நான் நலம். நீங்கள் நலமா?

உன் கடிதத்தின் பின்பக்கம் முழுக்க வெள்ளையாக இருக்கிறது.

உன் சித்தி


நவம்பர் 1

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் உடல்நலத்தைப் பற்றி முதலில் கேட்க வேண்டும், கேட்கிறேன். இப்போது நான் எழுதப்போவதை மூன்று தாள்களில் எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

குட்டி என் அம்மாவை அம்மா என்று கூப்பிடுகிறாள்.

ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்தது. நான் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அப்படியே பிடித்துக்கொண்டாள். அம்மா ஒவ்வொரு முறையும் தையலை நிறுத்திவிட்டு, "நான் பெரியம்மா. அம்மா ஆஸ்பத்திரியில வேலை பாக்கறாங்க" என்று சொல்வார். குட்டி தலையை ஆட்டுவாள். பிறகு, "சரிம்மா" என்பாள்.

அக்டோபர் தொடக்கத்தில் உங்கள் கடிதத்தை நான் அவளுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். யார் எழுதியது சொல்லு என்றேன். "லெட்டர் அம்மா" என்றாள். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். குழாயைத் திறந்துவிட்டு, ஒன்றும் கழுவாமல் நின்றுகொண்டிருந்தார். எனக்குத் தெரியும், நான் போய்ப் பார்த்தேன். "இதை நீ எழுதாதே" என்றார்.

அதனால்தான் எழுதவில்லை. அம்மா சொன்னதை மட்டும் காரணமாகச் சொல்லவும் கூடாது. எனக்கே எழுதத் தைரியம் வரவில்லை. பிரமாணத்தை மீறியதற்கு மன்னியுங்கள்.

உங்களைக் கேட்கிறாளா என்றால், கேட்கிறாள். லெட்டர் அம்மா எப்போது வரும் என்று கேட்கிறாள். தபால்காரரைப் பார்த்து.

உங்கள் அக்கா மகள்


டிசம்பர் 12

அன்புள்ள சித்திக்கு,

நலமா? ஆறு வாரமாகப் பதில் இல்லை. தபால்காரர் எங்கள் தெருவுக்குள் நுழையும்போதே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிடுகிறார். குட்டிக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. நான் எழுதியிருக்கக் கூடாதோ என்று தெரியவில்லை. ஒரு வரி போதும். வாக்கியம்கூட வேண்டாம், ஒரு சொல்.

உங்கள் அக்கா மகள்


டிசம்பர் 30

கண்ணு புத்தகப்புழுவுக்கு,

உயிரோடு இருக்கிறேன், நலமாகவும் இருக்கிறேன். நீ எழுதியது சரி. எழுதாமல் விட்டிருந்தால்தான் கோபித்திருப்பேன். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

நேர்முகம் பிப்ரவரி பதினெட்டு. என்னோடு இன்னொருவர் நிற்கிறார். சாமான் அறையில் கணக்கெழுதுபவர். டை கட்டியிருப்பார். நான்கு வருஷம் கல்லூரியில் படித்தவர், இங்கிலீஷ் மழை போலப் பெய்யும். குண்டூசி என்னிடம், "அக்கா, அவரு பேசினா மேடமே அகராதி தேடுவாங்க. நீங்க எதுக்கு வீணா?" என்றாள். அவள் கெட்டவள் இல்லை, உள்ளதைத்தான் சொன்னாள்.

நவம்பரிலிருந்து கூடத்தில் போன் அடித்தால் நான்தான் எடுக்கிறேன். வேறு யாரையும் எடுக்க விடுவதில்லை. துணிவண்டியைப் பிடித்துக்கொண்டு எட்டு மாடியும் நானே போகிறேன். ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் இங்கிலீஷ் பேசுகிறேன். அதில் முப்பது தப்பாக வருகிறது. முன்பு நாற்பதும் தப்பாக வந்தது.

நீ அனுப்பியதெல்லாம் வணக்கம் சொல்லவும் சோப்பு தீர்ந்தது என்று சொல்லவும்தான் உதவுகிறது. எனக்குச் சண்டை போட வாக்கியம் வேண்டும். ஒருவர் "உன்னால் முடியாது" என்றால் "முடியும், இப்படித்தான் செய்வேன்" என்று சொல்கிற வாக்கியம். அனுப்பு.

உன் சித்தி


ஜனவரி 14

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் முதலில் தபால்காரர்தான் சிரித்தார். எல்லோரும் நலம்.

சண்டை வாக்கியங்கள் நாலு தாளில் இருக்கின்றன. டீச்சர் திருத்திக் கொடுத்தார். அவருக்கு உங்கள் மேல் ஒரே ஈடுபாடாகிவிட்டது, இடைவேளையில் என்னைத் தேடி வந்து, "உன் பெரிய பெண்மணி என்ன சொல்றாங்க?" என்று கேட்கிறார். "லெட் மீ ஷோ யூ" என்பதைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். வாய் நின்றுபோனால் அதைச் சொல்லிவிட்டுக் கையால் செய்துகாட்டுங்கள் என்று டீச்சர் சொல்லச் சொன்னார். ஒரு கூடத்தை நடத்துகிறவருக்கு அதுதான் நல்ல இங்கிலீஷாம்.

உண்மையை எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. நீங்கள் தேறக் கூடாது என்று நான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை. அரை நாள் மட்டும். குட்டி என் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு என் பின்னலைப் பிடித்து வண்டி ஓட்டினாள், அப்போது தோன்றிவிட்டது. மாலைக்குள் போய்விட்டது. புதன்கிழமை முதல் நீங்கள் தேற வேண்டும் என்றுதான் நினைக்கிறேன், முன்பைவிட அதிகமாகவே.

அம்மா உங்களுக்கு ஒரு வெள்ளை ஏப்ரன் தைத்து அனுப்புகிறார். "கடையில குடுக்கறதுல இடுப்பு நிக்காது" என்றார். நேர்முகத்துக்கு அதைக் கட்டிக்கொண்டு போக வேண்டுமாம். டை கட்டியவருக்கு அதுதான் பதிலாம்.

உங்கள் அக்கா மகள்


பிப்ரவரி 20

என் தங்கக் கண்ணுவுக்கு,

நான் நலமோ நலம். அவசரமாக எழுதுகிறேன், அதனால் எழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. உட்கார்ந்துகொள். அக்காவையும் தையலை நிறுத்தச் சொல். மாமா இருந்தால் அவரையும் கூப்பிடு. சத்தமாகப் படி.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நிர்வாகி, தலைமை நர்ஸ், வெளியிலிருந்து வந்த ஒரு மேடம். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்தார். டை கட்டியவர் எனக்கு முன்னால் உள்ளே போய் இருபது நிமிடம் இருந்தார். வெளியே வரும்போது வண்டி ஏறப்போகிற மாப்பிள்ளை மாதிரி வந்தார்.

நான் உட்கார்ந்ததும் பெயர், எத்தனை வருஷம், என்ன வேலை என்று கேட்டார்கள். சொன்னேன். இரண்டு மெஷின் ஒரே நாளில் நின்றால் என்ன செய்வாய் என்றார் நிர்வாகி. நீ எழுதியதில் ஒன்றைச் சொன்னேன், நடுவில் ஒரு சொல் விழுந்துவிட்டது, பொறுக்கி எடுத்து மறுபடி சொன்னேன். ஆபரேஷன் தியேட்டர் துணி முதலில், வார்டு பிறகு, திரைச்சீலை கடைசியில். தலைமை நர்ஸ் எழுதிக்கொண்டார்.

அப்போது கண்ணாடி மேடம் மேசைமேல் ஒரு பச்சைத் துணியைப் போட்டார். கரும்பச்சை, புதுசு, மடிப்புக் கலையவில்லை. விற்பவர் கொடுத்துவிட்டுப் போன மாதிரித் துண்டு. தியேட்டருக்கெல்லாம் இனி இதுதான் என்று நிர்வாகி கையெழுத்துப் போடும் காகிதம் பக்கத்திலேயே இருந்தது, பேனாவும் திறந்திருந்தது. மேடம் துணியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"வில் இட் ரன்?"

கண்ணு, உன் தாள் எதிலும் துணி இல்லை. எனக்கு அலமாரிக் கதவு முழுக்கக் கண்முன் வந்தது. மெஷின் ஓடும், பேருந்து ஓடும், கடை ஓடும், சோப்பு தீரும். துணி எங்கே ஓடும்? காது சூடாகிவிட்டது. இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் எட்டு மாடிக்கும் இன்னொரு கதை கிடைத்திருக்கும்.

மூக்குதான் காப்பாற்றியது. குட்டி பிடித்துக்கொண்ட மூக்கு. மூக்கில் ஓடுவது மூக்கு இல்லையே, தண்ணீர்தானே. அப்படியானால் துணியில் எது இறங்கும்? பதினேழு வயதிலிருந்து துவைக்கிறேன், இது எனக்குத் தெரியாதா? சாயம்.

"லெட் மீ ஷோ யூ, மேடம்" என்றேன்.

அவர்கள் டீ போட வைத்திருந்த ஃபிளாஸ்கை எடுத்தேன். கேட்கக்கூட இல்லை. கோப்பையில் வெந்நீர் ஊற்றி, துணியின் ஒரு மூலையை அதில் முக்கி, அக்கா தைத்த ஏப்ரனை விரித்து, வெள்ளையில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினேன். பத்து எண்ணினேன், ஒன்பதையும் சேர்த்துத்தான். எடுத்தேன். ஏப்ரனில் பச்சைப் பசேல் என்று ஒரு கை அகலத்துக்குக் குளம்.

"இட் ரன்ஸ், மேடம்" என்றேன். "ஃபர்ஸ்ட் வாஷ், ஆல் வொய்ட் ஷீட்ஸ் வில் பி க்ரீன். டு நாட் பை."

 நிர்வாகி திறந்திருந்த பேனாவை மூடினார். அந்தச் சின்னச் சத்தம் எனக்குக் கேட்டது. கண்ணாடி மேடம் எழுந்து வந்து என் ஏப்ரனைத் தொட்டுப் பார்த்தார். அவர் விரலும் பச்சையானது. அதைத் தலைமை நர்ஸிடம் காட்டினார். அந்த அம்மாள் நீ சிரிப்பது போலவே சிரித்தார், ஆனால் இந்த முறை என்னைப் பார்த்து இல்லை, எனக்காக.

மாலையில் கூடத்துக்கு அவரே இறங்கி வந்தார். நேர்முகத்தில் நடந்ததை எங்களுக்குத் தமிழிலேயே சொன்னார். டை கட்டியவரிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டார்களாம். அவர் துணியைக் கையில் எடுத்து, நெசவைப் பார்த்து, மடித்து வைத்து, "டென் இயர்ஸ், மேடம், டெஃபினிட்லி" என்று சொன்னாராம். பத்து வருஷம் ஓடும் என்று. நாம் செருப்புக்கும் பைக்கும் சொல்வோமே, அப்படி. அவ்வளவு இங்கிலீஷ் படித்தவருக்கும் அந்த நேரத்தில் தமிழ்தான் வந்திருக்கிறது. எனக்கு அவர்மேல் கொஞ்சம் பிரியமே வந்துவிட்டது.

பிறகு தலைமை நர்ஸ் ஒரு காகிதத்தை எடுத்தார். சூப்பர்வைசர் நான். ஏப்ரல் ஒன்று முதல். பின்புறம் இரண்டு அறை.

குண்டூசி அழுக்குத் துணிக் கூடைமேல் ஏறி நின்று கத்தினாள். டிரையர் மூன்றும் ஓடிக்கொண்டிருந்தது, அதையும் மீறிக் கேட்டது. ஈரத் தரை என்றும் பார்க்காமல் எல்லோரும் ஓடி வந்தார்கள். இரண்டு பேர் விழுந்தார்கள், ஒருவருக்கும் அடியில்லை.

மார்ச் கடைசி ஞாயிறு வருகிறேன். அக்காவிடம் ஏப்ரனைத் துவைத்துத் தர முடியாது என்று சொல். அதை அப்படியே வைத்துக்கொள்ளப்போகிறேன். உன் டீச்சருக்கு என் வணக்கத்தைச் சொல். உன் செவ்வாய்க்கிழமைக்காக உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நானாக இருந்தால் ஒரு வாரம் முழுக்க நினைத்திருப்பேன்.

உன் சித்தி


ஏப்ரல் 5

அன்புள்ள சித்திக்கு,

நலம். புது வீட்டில் நீங்களும் குட்டியும் நலமாக இருக்கிறீர்கள் என்பது எனக்கு இன்று மாலையே தெரிந்துவிட்டது, இருந்தாலும் முறைப்படி கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். முதல் ஒரு மணி நேரம் குட்டி அம்மாவின் தையல் மெஷினுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டதும், நீங்கள் அவளைக் கூப்பிடாமல் தரையில் உட்கார்ந்து, பையிலிருந்து என் கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பியதும், "இதுல உன் மூக்கு எங்கயோ ஓடிப்போச்சுன்னு எழுதியிருக்கு, நெசமா?" என்று தாளைப் பார்த்துக் கேட்டதும் உங்களுக்குத் தெரியும். அவள் கீழேயிருந்து, "ஓடல. நான் புடிச்சிட்டேன்" என்று வெளியே வந்ததும் தெரியும். போகும்போது அவள் உங்கள் விரலைப் பிடித்திருந்தாள், ஆனால் என் அம்மாவைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அதையும் நீங்கள் கவனித்தீர்கள். 

உங்களுக்குத் தெரியாததை மட்டும் எழுதுகிறேன்.

திங்கள் முதல் வீடு சத்தமில்லாமல் இருந்தது. அம்மா அளவுக்கு மீறித் தைத்தார். யாரும் கேட்காத சீருடைக்குக்கூடப் பை வைத்தார். அப்பா பதினான்கு படியையும் எண்ணிக்கொண்டு ஏறி வந்து, மேல்படியிலேயே உட்கார்ந்தார். நான் ஒரு புத்தகம்கூட முழுதாகப் படிக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம்.

இன்று மாலை மருந்துக்கடைக்காரர் வாசலில் நின்று, ஆஸ்பத்திரியிலிருந்து போன் என்றார். ஆஸ்பத்திரி என்றதும் அம்மா முகம் செத்துவிட்டது. சூப்பர்வைசர் அறையில் போன் இருக்கும் என்பது யாருக்கும் நினைவில்லை. அம்மா செருப்புகூடப் போடாமல் தெருவில் ஓடினார். நான் என் அம்மா ஓடி இதுவரை பார்த்ததில்லை. பின்னாலேயே நானும் ஓடினேன்.

கடையில் மூன்று பேர் மருந்துக்கு நின்றார்கள். அம்மா போனைக் காதில் வைத்தார், நான் அதன் பின்பக்கம் என் காதை வைத்தேன். நீங்கள் குட்டியிடம் போனைக் கொடுத்தது எங்களுக்குக் கேட்டது.  பிறகு சொன்னாள்.

"பெரியம்மா. எங்கம்மாகிட்ட பெரிய சாவிக்கொத்து இருக்கு. எல்லா ரூமும் எங்கம்மாதான் தொறப்பாங்க."

அம்மா போனை என் பக்கம் நீட்டினார். நான்தான் போனை வாங்கி, அப்படியா, எத்தனை சாவி என்று கேட்டேன். பதினொன்றை விடாமல் பன்னிரண்டு வரை எண்ணினாள். நீங்கள் பின்னால் யாருக்கோ இங்கிலீஷில் பதில் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். என்னவென்று புரியவில்லை, ஆனால் அவ்வளவு வேகமாக, ஒரு இடத்திலும் நிற்காமல் சொன்னீர்கள்.

போனை வைத்ததும் அம்மா அங்கிருந்த மூன்று பேரையும் பார்த்துச் சொன்னார்: "என் தங்கச்சி பொண்ணு. என்னைப் பெரியம்மான்னு கூப்பிட்டா." இருமல் மருந்துக்கு வந்தவர் என்ன சொல்வது என்று தெரியாமல் வாழ்த்துகள் என்றார். அம்மா அதை முழு மனதாக வாங்கிக்கொண்டார். அழுதாரா என்றால், அழுதார். துக்கமாக இருந்தாரா என்றால், இல்லை. இரண்டையும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், அதனால் உறுதியாக எழுதுகிறேன். வீட்டுக்கு வரும் வழியில் நான்கு வீட்டு வாசலில் நின்று அதையே சொன்னார். நாலாவது வீட்டில் சொல்லும்போது குட்டி இருபது சாவி எண்ணியிருந்தாள்.

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம், "எட்டு மாசம் வளத்தேன். அவகிட்ட அவ புள்ளைய அப்படியே முழுசா குடுத்துட்டேன் பாருங்க" என்றார். ஒரு பெரிய ஆர்டரைக் குறித்த நாளில் தைத்து முடித்துக் கொடுத்தவர் பேசுவது போலத்தான் இருந்தது. அப்பா தன் தட்டிலிருந்த பெரிய மீன் துண்டை எடுத்து அம்மா தட்டில் வைத்தார்.

என்னைப் பற்றியும் எழுத வேண்டும். சுவர்ப் பக்கம் காலியாக இருக்கிறது. இத்தனை நாளாக யாரும் உதைக்காததால் தூக்கம் சரியாக வரவில்லை. இன்று வரும் என்று நினைக்கிறேன். நாளை டீச்சரிடம் சாவிக்கொத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் மணி அடிக்கும் முன்பே போய் நிற்கப்போகிறேன். சொல்ல வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது, ஆனால் அம்மா விளக்கை அணைத்துவிட்டார்.

உங்கள் அக்கா மகள்